இருவர்க்கிடையே திறக்கும் வாசல்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் முகம் வாடியவனாய் எமது வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தான். பாடசாலை றக்பி அணியொன்றிலே சென்ரர் இடத்தில் ஆடுபவன் அவன். ஆட்டம் முடியுந் தறுவாயில் எதிரணி வீரன் ஒருவன் இவனுடைய கைகளுக்குள் அகப்பட்டும் வழுவி ஓடிப் புள்ளி பெற்றுவிட்டானாம். அதனால் அணி தோற்றதாம். அன்று தொடக்கம் தோழர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஆட்டக் குறிப்பிலே இவன் பெயருக்கு நேரே ‘தவறிய பிடி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இனி மைதானத்துக்குப் போவதில்லை என்று தாயாரிடம் சொல்லிவிட்டான்.

“மாஸ்ரர், கை தவறியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அவன் என்னிடம் வந்து சேருமுன் வேறு யாரையோ கடந்துதானே வந்திருப்பான்? அதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவன் ஆடிய ஆட்டத்தை நாம் பார்க்கவில்லை. ஆகவே அதைப்பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும் அவன் கேட்டதற்கு விடை தரக்கூடிய ஆட்டம் ஒன்றுண்டு. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி, சிட்னி நகரில் 81,947 பேர் முன்னிலையில் நடைபெற்ற அவுஸ்திரேலிய றக்பி லீக் இறுதிப் போட்டியே அது. பிறிஸ்பேன் அணி 24–8 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடிய ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களே இருந்தன. அந்த அணி 26–24 என்ற கணக்கிலே தோற்றது. அதன் ஒளிப்பதிவை அவனோடு அமர்ந்து இரண்டு மாலைகள் பார்த்தோம். அப்பொழுது பேசியவற்றையே இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணினோம்.

நமது நாட்டுப் பாடசாலைகளில் ஆடப்படுவது றக்பி யூனியன். றக்பி லீக் அதன் உடன்பிறப்பு. கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன உடன்பிறப்பு. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விடும்போது அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பைக் கழகங்கள் ஈடுசெய்யலாமா என்ற வழக்கு முற்றி, 1895 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரத்து விடுதியொன்றிலே கூடிய கழகங்கள் தாய்ச் சங்கத்தைவிட்டுப் பிரிந்தன. பிரிந்தவர்கள் ஆட்டத்தையும் தம் போக்குக்கு மாற்றினார்கள். 1906 இல் பதினைந்து பேர் பதின்மூன்று பேராயினர். பந்தை வைத்திருப்பவன் பிடிபட்டு வீழ்ந்ததும் இருசாராரும் அதன்மேல் விழுந்து முண்டுவது ஒழிந்தது. வீழ்ந்தவன் எழுந்து நின்று, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட, ஆட்டம் மீண்டும் தொடங்கும். இவ்வாறு ஆறு பிடிகள். ஆறாவது பிடியோடு பந்து மற்ற அணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள்.

இந்த ஆறு பிடிகளுக்குள் தற்காத்து நிற்பவர்கள் செய்யவேண்டியது கேட்பதற்கு எளிது. இருவர் மட்டும் வீழ்ந்தவனுக்கு முன்னே நிற்கலாம். மற்றவர்கள் பத்து மீற்றர் தூரம் பின்வாங்கி, வரிசையாய் நின்று, பந்து அசைந்ததும் மீண்டும் முன்னே பாயவேண்டும். பின்னே பத்து, முன்னே சில, மோதல், வீழ்ச்சி, எழுச்சி, மறுபடியும் பின்னே பத்து. எண்பது நிமிடமும் இதுவே தொழில். மைதானத்தின் நடுவே நிற்கும் பருத்த வீரர்கள் ஓர் ஆட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பிடிகளைப் பிடிப்பது புதுமையன்று.

மாணவர்கள் விரும்பினால் இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். மைதானத்தின் அகலம் 68 மீற்றர். பதின்மூவரில் இருவர் வீழ்ந்தவன் முன்னே. ஒருவர், அதாவது புல்பாக், எல்லோருக்கும் பின்னே. எஞ்சியோர் பதின்மர். 68 ஐப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு 6.8 மீற்றர். பந்து உதைக்கப்படும் என்ற ஐயம் எழுந்தால் விங்கர் இருவரும் பின்னே இறங்குவர். அப்போது எண்மர், ஆளுக்கு எட்டரை மீற்றர். கைகளை அகல விரித்தாலும் எவனுடைய வீச்சும் இரண்டு மீற்றருக்கு மேற் போகாது. ஆகவே வரிசை என்று நாம் சொல்வது உண்மையிலே ஆட்களைவிட வெளியே அதிகமாய் உள்ள ஒன்று. மதிலென்று பார்த்தால் கல்லைவிட இடுக்கே பெரிது. அந்த இடுக்கைப் பந்து வரும் பக்கமாய் எல்லோரும் ஒருங்கே நகர்ந்து சுருக்குவதுதான் தற்காப்புக் கலை.

நம் கிளித்தட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆளுக்கொரு கோடு. ஒருவன் தன் கோட்டை விட்டுக்கொடுத்தால் அது எவன் பிழை என்பது மரத்தடியில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். றக்பி லீக்கில் எல்லோருக்கும் ஒரே கோடு. எதிரி புகுந்துபோகும் வழி ஏறக்குறைய எப்போதும் இருவருக்கு நடுவே இருப்பது. அது இருவருக்கும் சொந்தம், ஒருவருக்கும் சொந்தமில்லை. எங்கள் வன்னிப் பகுதியிற் குளக்கட்டுக் காப்பவர்களைக் கேட்டால், மண் தடித்த இடத்தில் நீர் கசியாது, மதகின் கட்டும் மண்ணும் சந்திக்கும் பொருத்திலேதான் கசியத் தொடங்கும் என்பார்கள். றக்பி லீக்கிலும் பொருத்தே நோய்.

பொருத்து விடுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது வேகம். வீழ்ந்தவன் விரைந்தெழுந்து பந்தை உருட்டிவிட்டால், தற்காப்போர் பத்து மீற்றர் பின்வாங்கி முடிந்திருக்க மாட்டார்கள். முதுகு காட்டி ஓடிக்கொண்டிருப்பவன் எதிரே வருவதைக் காணான். பந்து அவனைத் தாண்டிப் போகுமுன் திரும்பி நிற்பதே பெரும்பாடு. பக்கத்தில் நிற்பவனோடு கணக்குப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. ஆகையினால்தான் பிடித்தவனை உடனே எழவிடாமற் சற்றே தாமதப்படுத்துவதை அவர்கள் ஒரு வித்தையாகவே பயில்கிறார்கள். மற்போர் ஆசான்களைக்கூட அமர்த்திக்கொள்கிறார்கள். இதை முறையற்றது என்பாரும் உளர். 2020 இல் அவுஸ்திரேலியப் போட்டியில் ஒரு விதி மாற்றப்பட்டது. அளவுக்கு மீறித் தாமதித்தால் முன்பு தண்ட உதை; ஆட்டம் நின்று, எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். புதிய விதிப்படி ஆட்டம் நிற்காது. மத்தியஸ்தர் கையை அசைப்பார், பிடிக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். களைத்தவர்களுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை எவர் கண்டுபிடித்தாரோ, அவர் பள்ளிக்கூடப் பரீட்சகராய் இருந்தவராக வேண்டும்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. வரிசையின் இரு அந்தங்களிலும் வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணினால், முதலில் விங்கர், அடுத்து சென்ரர், மூன்றாவதாய் நிற்பவர் பெரும்பாலும் அணியின் ஆட்டத்தை இயக்கும் சிறிய உடலினர், நான்காவதாய் ஒரு பெரிய முன்வரிசை வீரர். எதிரணி செய்வது என்ன? தன்னிடமுள்ள ஆஜானுபாகுவான ஒருவரை அந்த மூன்றாமவர்மீது திரும்பத் திரும்ப ஏவுகிறது. அவர் பத்து முறையும் பிடித்து வீழ்த்துவார். உடலிலே வலி ஏறும். பதினோராவது முறை அருகில் நிற்கும் சென்ரருக்கு மனம் பொறாது. துணைசெய்வோமென்று இரண்டடி உள்ளே வருவார். அந்த இரண்டடிதான் எதிரணி காத்திருந்தது. பந்து வீரனின் முதுகுக்குப் பின்னாலே வெளியே போய்விடும். சென்ரர் நின்றிருக்கவேண்டிய இடத்தில் ஒரு வாசல் திறந்து கிடக்கும். ஓடிவந்து தாவிய விங்கர் கடைசி மனிதராய்த் தவறவிடுவார். குறிப்பேட்டில் விங்கரின் பெயர் ஏறும். இங்கே பலவீனம் மூன்றாமவரிடத்திலும் இல்லை, விங்கரிடத்திலும் இல்லை. இரக்கத்தோடு இரண்டடி நகர்ந்தவரிடத்தில் இருக்கிறது. அவரைக் குறைகூறவும் மனம் வருவதில்லை.

இதைச் சொன்னபோது இளைஞன் தலை நிமிர்ந்தான். “அன்றைக்கு எனக்கு உள்பக்கம் நின்றவனுக்குக் காலில் நோ. அவனுக்கு உதவ நான்தான் உள்ளே போனேன்” என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதும் ஒன்றுண்டு. காக்கும் முறை இருவகைப்படும். பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்து, எதிரியைக் கோட்டோரமாய் ஒதுக்கிச்செல்வது ஒன்று. பந்து சேருமுன் வெளியாட்கள் முன்னே பாய்ந்து உள்நோக்கி அடைப்பது மற்றொன்று. இரண்டும் நல்ல முறைகளே. ஒருவன் நகர, அவனுக்கு அயலவன் பாய்ந்தால் இரண்டும் கெடும். இதைத் தூண்டவே தாக்குவோர் பந்தில்லாத ஒருவனை முன்னே ஓடவிட்டு, பந்தை அவன் பின்புறமாய் அனுப்புகிறார்கள். பொய்யாய் ஓடுபவனை ஒரு காவலன் உண்மையென்று நம்புகிறான், அருகிலுள்ளவன் நம்பவில்லை. இருவரும் தத்தம் அறிவுக்குச் சரியானதைச் செய்கிறார்கள், வாசல் திறக்கிறது. நல்ல அணிகள் இதற்காகவே ஆட்டம் முழுவதும் தமக்குள் கூவிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியிலே அந்தக் கூவல் நமக்குக் கேட்பதில்லை. மைதானத்தருகே நின்று பார்த்தவர் அறிவர், தற்காப்பு என்பது பாதி வாய்த்தொழில். களைப்பு வந்ததும் முதலில் ஓய்வது காலன்று, வாயே.

இனி 2023 க்கு வருவோம். அப்பருவத்திலே பென்றித், பிறிஸ்பேன் இரண்டும் ஆளுக்கு 24 ஆட்டங்களில் 18 இல் வென்றன. பென்றித் எடுத்த புள்ளிகள் 645. பிறிஸ்பேன் எடுத்தவை 639. ஆறு புள்ளி வித்தியாசம், அதாவது ஒரு ட்ரையும் அதன்பின் வரும் உதையும். தாக்குதலில் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்னலாம். விட்டுக்கொடுத்த புள்ளிகளைப் பாருங்கள். பென்றித் 312, பிறிஸ்பேன் 425. சராசரி பார்த்தால் முன்னது ஆட்டத்துக்குப் 13, பின்னது 17.7. பிறிஸ்பேனுடைய கணக்கு மோசமானதன்று; பல அணிகள் அதற்கு ஏங்கும். ஆயினும் கீறல் எங்கேயிருந்தது என்பதைப் பட்டியல் முன்னரே சொல்லிவிட்டது.

பென்றித்தின் பெருமை அவ்வருடம் தோன்றியதன்று. 2021 இல் மெல்பேண் அணி 815 புள்ளிகள் குவித்து, தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்று வந்தது. அரையிறுதியில் எதிர்ப்பட்ட பென்றித், அந்த அணியை ஆறே ஆறு புள்ளியோடு நிறுத்தி 10–6 என வென்றது. அப்பருவத்தின் 24 ஆட்டங்களிலும் பென்றித் விட்டுக்கொடுத்தவை 286. அதே பருவத்தில் கன்ரபெறி அணி விட்டுக்கொடுத்தவை 710! ஒரே விதி, ஒரே மைதான அளவு, ஒரே பதின்மூவர்.

இறுதிப் போட்டியின் முற்பாதி 8–6 எனப் பென்றித்துக்குச் சாதகமாய் முடிந்தது. பிற்பாதி தொடங்கியதும் பிறிஸ்பேனின் எஸ்றா மாம் என்னும் இளைஞர் பத்து நிமிடமளவிலே மூன்று ட்ரைகளைப் பெற்றார். ஆட்டத்துக்குப் 13 புள்ளிக்கு மேல் விடாத பென்றித், அந்தப் பத்து நிமிடத்துக்குள் 18 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. சிறந்த அரணும் உடையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிறிஸ்பேன் அத்தருணம் செய்ததெல்லாம், பந்தை விரைந்து உருட்டி, விரைந்து எறிந்து, பென்றித் வரிசை நின்று மூச்சுவிடுமுன் அடுத்த கேள்வியைக் கேட்டது. 24–8. பென்றித்தின் ஜெறோம் லுவாய் தோள்நோவோடு வெளியேறினார். ஆட்டம் முடிந்துவிட்டதென்று அரங்கிற் பலர் கருதியிருக்கக்கூடும்.

பின்னர் வந்த மூன்று ட்ரைகளின் பின்னாலும் நேதன் கிளியரி நின்றார். முதலாவதை மோசஸ் லியோட்டா என்னும் பருத்த முன்வரிசை வீரர் பெற்றார். நடு வரிசை பிளந்தது. பிளந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அது மெலிந்தவர் நிற்கும் ஓரமன்று, வலியவர்கள் நிற்கும் நடு. நாற்பது பிடி பிடித்தவர்கள் அங்கே நிற்கிறார்கள். அவர்களிடையே இடைவெளி அகன்றதற்குக் காரணம் கோழைமையோ, சோம்பலோ அன்று; பின்வாங்கி நிற்க எடுத்த நேரம் ஒரு நொடி கூடிற்று, அவ்வளவே.

அதன்பின் கிளியரி ஓர் உதை உதைத்தார். தன் பக்கத்து 40 மீற்றர்க் கோட்டுக்கு உள்ளிருந்து உதைத்த பந்து, மைதானத்தில் ஒருமுறை பட்டு, எதிரணியின் 20 மீற்றர்க் கோட்டுக்கு அப்பால் வெளியே போனால், பந்து உதைத்த அணிக்கே மீளும். இதை நாற்பது–இருபது என்பார்கள். ஒரே உதையில் ஆட்டம் மைதானத்தின் மறுகோடிக்குப் போயிற்று. பந்தைத் தாம் பெறுவோம், சற்று ஆறலாம் என்றிருந்தவர்கள் மீண்டும் தம் கோட்டருகே நின்று காக்கவேண்டியதாயிற்று. சிறிது நேரத்துக்குள் ஸ்டீபன் கிறைட்டன் ட்ரை பெற்றார். 24–20. இங்கே பிடி தவறிற்று என்று எழுதுவது எளிது. அந்தப் பிடி தவறுவதற்குரிய வேலை அரை மைதானத்துக்கு அப்பால், ஒருவரும் ஒருவரையும் தொடாத ஓர் உதையிலே தொடங்கியது. ஓர் அணியின் தற்காப்புப் பலவீனங்களுட் பாதி, அது தற்காக்காத வேளையிலேதான் உண்டாகின்றன: பந்தைக் கைநழுவ விடுதல், உதையை ஆளில்லா இடத்துக்கு அனுப்பாமை, அவசரத்தில் தண்டம் கொடுத்தல். ஒவ்வொன்றுக்கும் விலை இன்னும் ஆறு பிடி.

இறுதி ட்ரை, முடிவதற்கு நான்கு நிமிடமளவு இருக்கையில் வந்தது. கிளியரி பந்தைத் தாமே கொண்டு, உள்நோக்கி வெட்டி, காவலரின் நடுவே புகுந்து கோட்டைக் கடந்தார். தொடர்ந்து மேலதிக உதையும் அவருடையதே. 26–24. ஆட்டநாயகருக்குரிய கிளைவ் சேர்ச்சில் பதக்கம் அவருக்கே கிடைத்தது. கடைசியில் அவரை எட்டியும் எட்டாமலும் போன கைகள் எவருடையவை என்று இளைஞன் பெயரோடு சொன்னான். அதை இங்கே நாம் எழுதப்போவதில்லை. இக்கட்டுரையின் விடயமே அதுதான்.

அந்த இடத்தை மட்டும் ஆறேழு முறை திருப்பிப் பார்த்தோம். கூட அமர்ந்திருந்த எமது இல்லத்தரசியார் றக்பி விதி ஒன்றேனும் அறியாதவர். கையிலிருந்த முருங்கையிலையை உருவியபடியே, “அந்த இரண்டு பேரும் ஆளையாள் பார்க்கவேயில்லையே” என்றார். அரை மணி நேரமாய் இடைவெளி, வேகம், வகுத்தல் என்று நாம் விளக்கியது வீணாயிற்று.

ஆட்டக் கணக்குகளைப்பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் எத்தனை பிடி பிடித்தான், எத்தனை தவறவிட்டான் என்று பட்டியல் வெளிவருகிறது. எண்கள் பொய் சொல்வதில்லை. ஆயினும் கேட்டதற்கு மட்டுமே விடை தரும். தன் இடத்தைவிட்டுப் பிரிந்து, எட்டு மீற்றர் ஓடி, எட்டாத ஒருவனை நோக்கித் தாவியவனுக்குத் ‘தவறிய பிடி’ ஒன்று. தாவாமலே நின்றவனுக்கு ஒன்றுமில்லை. ஆகவே, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பிடி பிடித்தவன் என்ற பெயரோடு ஒருவன் அணிக்குப் பெருந்தீங்காய் இருக்கவும் கூடும். கை எட்டும் இடத்துக்குப் போகாதிருத்தலே அவனது இரகசியம். பரீட்சையில் எளிய வினாக்களை மட்டும் தெரிந்தெழுதி, எழுதியவற்றுக்கு முழுப்புள்ளி பெற்றேன் என்று பெருமைகொள்ளும் மாணவர்களை எமக்குத் தெரியும். பயிற்றுநர்கள் இதை உணராதவர்களல்லர். அவர்கள் ஒளிப்பதிவைப் பின்னோக்கிச் சுழற்றி, வாசல் திறந்த கணத்திலிருந்து பார்க்கிறார்கள். பத்திரிகைகளும் தோழர்களும் உறவினருமே கடைசிக் கணத்தோடு நின்றுவிடுகின்றோம்.

காப்புத்திறன் பிறவிக் குணம் என்று எண்ணுவோரும் உளர். சிட்னிப் போட்டியின் பழைய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1935 இல் கன்ரபெறி அணி முதன்முறையாய்ப் போட்டியிற் சேர்ந்தது. அவ்வருடம் மே 11 ஆம் திகதி சென் ஜோர்ஜ் அணியிடம் 91–6 எனத் தோற்றது. அடுத்த வாரம் ஈஸ்ற்றேண் சபேர்ப்ஸ் அணியிடம் 87–7. அதிலே டேவ் பிறவுண் என்பவர் ஒருவரே 45 புள்ளிகள் பெற்றார். ட்ரை ஒன்றுக்கு மூன்றே புள்ளிகள் வழங்கப்பட்ட காலம் அது என்பதை நினைவிற் கொள்க. இரண்டு வாரங்களில் 178 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அந்த அணி, மூன்றாண்டு கழித்து 1938 இல் இறுதிப் போட்டியில் அதே ஈஸ்ற்றேண் சபேர்ப்ஸை 19–6 என வென்று பட்டஞ் சூடிற்று.

பிறிஸ்பேனுடைய கதையும் 2023 உடன் நின்றுவிடவில்லை. அடுத்த வருடம் அது இன்னும் தாழ்ந்தது. 2024 இல் பன்னிரண்டாம் இடம். பயிற்றுநர் கெவின் வோல்டர்ஸ் விலக, மைக்கேல் மகுவயர் வந்தார். கடும் உழைப்பு வாங்குபவர் என்று பெயரெடுத்தவர் அவர். 2025 இல் இறுதிக்கு முந்திய ஆட்டத்தில் பென்றித்தே எதிர்ப்பட்டது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றிருந்த பென்றித், இடைவேளையில் 14–0 என முன்னின்றது. பிற்பாதியில் பிறிஸ்பேன் ஒரு புள்ளியும் விடாமல் 16–14 என வென்றது. ஒரு வாரங் கழித்து, ஒக்டோபர் 5 ஆம் திகதி, மெல்பேணுக்கு எதிரான இறுதிப் போட்டி. இடைவேளையில் மெல்பேண் 22–12 என முன்னணி. மறுபடியும் பிற்பாதி முழுவதும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடாமல் பிறிஸ்பேன் 26–22 என வென்றது. 2006 இன் பின் அந்நகர் கண்ட முதற் பட்டம் அதுவே.

இரண்டு பெரிய ஆட்டங்களிலும் பிற்பாதி நாற்பது நாற்பது நிமிடம், எதிரணிக்குச் சூனியம். இரண்டு வருடத்துக்கு முன் கடைசி இருபத்தைந்து நிமிடங்களில் மூன்று முறை பிளந்த அதே அணி! வீரர்கள் சிலர் மாறினர் என்பது உண்மை. ஆனால் றீஸ் வோல்ஷ் 2023 இலும் அங்கிருந்தவர்தாம். புல்பாக் இடத்தில் ஆடும் அவர் தாக்குதலுக்கே புகழ்பெற்றவர். 2025 இறுதியில் ஆட்டநாயகர் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. முடியுந் தறுவாயிலே மெல்பேணின் பாப்பன்ஹைசன் கோட்டை நோக்கி வந்தபோது அவரைப் பிடித்து மறித்தவரும் அவரே.

இரண்டாம் நாள் மாலை அந்தப் பிடியைக் கண்டதும் இளைஞன் துள்ளி எழுந்தான். “வோல்ஷ் காப்பாற்றிவிட்டான், மாஸ்ரர்!” என்று கூவினான். கூவியவன் அப்படியே நின்றான். புல்பாக் வரைக்கும் ஒருவன் ஓடி வந்தானென்றால் முன்வரிசை எங்கேயோ திறந்திருக்கவேண்டும் என்பது அவன் முகத்திலே தெரிந்தது. கருவியை எமது கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்” என்றான்.

இதை எழுதும்போதும் அடுத்த அறையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை பயிற்சி இருப்பதாக அவன் தாயார் சொன்னார்.